தேவசகாயம் என்கிற வரதராஜன்

ஃப்ரீஸர் பெட்டியின் வயரைச் செருக இடம் தேடி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஜோதிகா பாதி உடம்பை நுழைத்து மாட்டிக்கொண்டிருந்தபோது பெங்களூர் லேப்பிலிருந்து போன் வந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. ஒரு கையில் வயர். இன்னொரு கையால் போனைக் காதுக்குக் கொண்டுபோவதற்குள் முழங்கையில் ஒட்டடை, தலைமுடியில் பல்லி முட்டை, நெற்றியில் பீரோவின் இரும்பு மூலை.

“குட் மார்னிங் மேடம், தேவிப்ரியா பேசறேன். வரதராஜன் சார் சாம்பிள் விஷயமா. சார்கிட்ட ஒரு நிமிஷம் பேச முடியுங்களா?”

வரதராஜன் சார் நாலடி தள்ளி வாடகைப் பெட்டிக்குள் படுத்திருந்தார். மூக்கில் பஞ்சு. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. இன்னும் கரன்ட் கொடுக்காத பெட்டியின் கண்ணாடி மேல் ஒரு ஈ மட்டும் உலாவிக்கொண்டிருந்தது.

“இப்ப பேச முடியாது.”

“தூங்கறாருங்களா மேடம்?”

“ஆமா.”

“எத்தன மணிக்கு எழுந்துப்பாரு மேடம்? அதுக்கேத்த மாதிரி கால்பேக் போட்டுக்கறேன்.”

ஜோதிகாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டிக்கு பிளக்கே தேவையில்லை. அவளையே வயரில் சேர்த்துக் கட்டியிருந்தால் செவிலிமேடு முழுக்க ஃபேன் ஓடியிருக்கும்.

“எதுக்கு அவராண்ட பேசணும்? நாந்தான் இத்தினி நாளா பேசிக்கினு இருக்கேனே.”

“வாய்ஸ் வெரிஃபிகேஷன் மேடம். ‘ரெண்டு பேரும் என் பேருதான்’னு சார் அவர் வாயால சொன்னா போதும். ரெக்கார்ட் ஆயிடும். ரிப்போர்ட் ரெடியா இருக்குது மேடம். ரிலீஸ்தான் பண்ண முடியல.”

“இத பத்தொம்பது நாளா ஏன் கேக்கல?”

“இந்த ஆப்ஷன் நேத்துதான் மேடம் அப்ரூவ் ஆச்சு.”

நேற்று என்றால் திங்கட்கிழமை. திங்கட்கிழமை முழுக்க அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்வீட்டு ஆடு எத்தனை முறை கத்துகிறது என்பதைத் தவிர வேறு வேலையே இல்லாமல் இருந்தார். இரண்டு பெயர் என்ன, கேட்டிருந்தால் இருபது பெயர் சொல்லியிருப்பார்.

“எழுந்ததும் சொல்றேன்” என்று ஜோதிகா போனை வைத்தாள். வயரைச் செருகினாள். பெட்டி உறுமத் தொடங்கியது.

இந்தத் தேவிப்ரியாவை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் இருவரும் பேசிய பேச்சை நீட்டிப் போட்டால் அது காஞ்சிபுரத்தில் கிளம்பி, வேலூரில் டிபன் சாப்பிட்டு, ஓசூரில் டீ குடித்து, பெங்களூரைத் தொட்டுவிட்டுத் திரும்பியும் வரும்.

விஷயம் இதுதான். இரண்டு மாதம் முன்பு கிட்னியில் கல் இருக்கிறதா என்று பார்க்க அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. கல்லைத் தேடப் போன இடத்தில் கணையத்தில் ஒரு நீர்க்கட்டி உட்கார்ந்திருந்தது, நெல்லிக்காய் அளவுக்கு. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொன்னார்:

“இதுல ஒண்ணும் பண்ணாம கிடக்குற கட்டியும் உண்டு, நாளைக்குப் புத்துநோயா மாறுற கட்டியும் உண்டு. ஸ்கேன்ல பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்.”

வயிற்றைத் திறந்து வெட்டி எடுத்துவிடலாம். அது அரைநாள் ஆபரேஷன். இல்லையென்றால் புதிதாக ஒரு வழி இருக்கிறது. வாய் வழியாகக் குழாயை விட்டு, இரைப்பைக்குள்ளிருந்து கட்டிக்குள் ஊசியைச் செலுத்தி, அந்த ஊசிக்குள்ளேயே ஒரு பொடி இடுக்கியை அனுப்பி, கட்டியின் சுவரில் கிள்ளி எடுக்கலாம். கடுகை நாலாக உடைத்தால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் வரும். அந்தத் துண்டில் இருக்கும் மரபணுவைப் படித்தால் கட்டி எந்த ஜாதி என்று தெரிந்துவிடும் என்றார். பார்க்க வேண்டிய மரபணுக்களின் பெயர்களையும் சொன்னார். அப்பா மகள் காதில் கிசுகிசுத்தார்: “இன்னாமா இது, டிப்போல நிக்கிற வண்டி நம்பரையெல்லாம் ஒப்பிக்கறாரு?”

அண்ணன் ஜெபகுமார், “வெட்டி எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்” என்றான். ஜோதிகா, “இன்னான்னே தெரியாம எதுக்கு வெட்டணும்? டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம்” என்றாள். மூன்று நாள் சண்டை. ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை செய்கிறவன் சத்தமாகப் பேசிப் பழகியவன்; இ-சேவை மையத்தில் உட்கார்ந்து நாளுக்கு நூறு பேரோடு மல்லுக்கட்டுகிறவள் அதைவிடச் சத்தமாகப் பேசிப் பழகியவள். தங்கை ஜெயித்தாள். கடுகுத் துண்டுகள் பெங்களூருக்குப் போயின. போன இடத்தில் நின்றுவிட்டன.

ஃபாரத்தில் இருந்த பெயர் வரதராஜன். பாட்டிலில் ஒட்டிய பெயர் தேவசகாயம்.

இரண்டும் அப்பாதான். பிறந்தபோது சர்ச்சில் வைத்த பெயர் தேவசகாயம். பள்ளியில் சேர்த்த அன்று ரிஜிஸ்டரில் ஏறிய பெயர் வரதராஜன். ஏன் என்று அந்தத் தெருவில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு பெயர், சாமிக்கு ஒரு பெயர் என்று பாதி வீட்டில் இப்படித்தான். வரதராஜனாக முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டினார். தேவசகாயமாக அறுபத்தாறு வருஷம் சர்ச்சில் முட்டி போட்டார். எந்த இடத்தில் எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதில் ஒருநாளும் அவர் தடுமாறியதில்லை. ஆதார் கேட்கும் இடமென்றால் வரதராஜன். ஆமென் கேட்கும் இடமென்றால் தேவசகாயம். அன்றைக்கு மட்டும், ஊசி அறைக்குள் நர்ஸ் லேபிளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு “பேரு?” என்று கேட்டபோது, “தேவசகாயம்” என்றிருக்கிறார்.

“ஏம்பா அப்டி சொன்ன?” என்று லேப்பிலிருந்து முதல் போன் வந்தபிறகு ஜோதிகா கத்தினாள்.

“தெரியலம்மா. வாயில வந்துடுச்சி.”

ஊரில் எவனுடைய இனிஷியல் எங்கே தப்பாக இருந்தாலும் அவளிடம்தான் வருவான். அப்பன் பெயர் அம்மா பெயராகவும், பிறந்த வருஷம் இறந்த வருஷமாகவும் மாறிப்போன கார்டுகளையெல்லாம் நேராக்கிக் கொடுத்தவள். ஒருமுறை தாமலில் ஆண் என்று பதிவாகிவிட்ட ஒரு அம்மாவைத் திரும்பப் பெண்ணாக்கியிருக்கிறாள். அவள் வீட்டு ஆளின் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது. நோட்டரி வக்கீலிடம் பத்திரம் எழுதி அனுப்பினாள். “போட்டோ மொத பக்கத்துல இருக்குது, ரெண்டு பேரு ரெண்டாவது பக்கத்துல இருக்குது மேடம். எங்க லீகல் டீம் ஒத்துக்கல. போட்டோவும் ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல இருக்கணும்.” தாலுகா ஆபீஸில் ஒரே நபர் சான்று கேட்டு மனு போட்டாள். மனு பரிசீலனையில் இருந்தது. அவள் கம்ப்யூட்டரிலேயே தினமும் அதைத் திறந்து பார்த்தாள். தினமும் பரிசீலனையிலேயே இருந்தது.

இன்று காலை ஐந்தரைக்கு அப்பா பல் விளக்கிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தார். பிரஷ் வாயிலேயே இருந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர் நெஞ்சில் கை வைத்து, மிஷின் வைத்துப் பார்த்து, “ஹார்ட்டுமா” என்றார்.

அவர் செத்துப்போனதை ஜோதிகா ஏன் தேவிப்ரியாவிடம் சொல்லவில்லை? சொன்னால் அடுத்த நொடி வாரிசு சான்றிதழ் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், அவளே தினமும் பத்துப் பேரிடம் அதைக் கேட்கிறவள்.

செத்த மனுஷனுக்கு இனி ரிப்போர்ட் எதற்கு என்று கேட்கலாம். கூடத்தில் உட்கார்ந்திருந்த ஜெபகுமார் அதைத்தான் கேட்டான். தங்கையிடம் இல்லை, அவளோடு காலையிலிருந்து அவன் பேசவில்லை. அம்மா வழியாகக் கேட்டான்.

“அவளாண்ட சொல்லு, இன்னும் இன்னாத்துக்கு லேப்புக்காரிகிட்ட பேசிக்கினு இருக்கான்னு. ஊசியெல்லாம் குத்தி ஒடம்ப புண்ணாக்கினது போதாதா?”

அம்மா கங்கையம்மாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எதற்கு என்று ஜோதிகாவுக்கு மட்டும் தெரியும். ஊசி போட்டபிறகு பத்து நாளைக்கு எண்ணெய்ப் பண்டம் வேண்டாம் என்றுதான் டாக்டர் சொன்னார். ரிப்போர்ட் வரும்வரை வேண்டாம் என்று அதை நீட்டியது ஜோதிகா. இட்லிக்குக் கூட எண்ணெய் தடவாத தட்டு. குழம்பில் மிதப்பதை அவளே கரண்டியால் வழித்துக் கொட்டினாள். அப்பாவுக்கு வாரத்தில் ஒரு நாள், பஸ் ஸ்டாப் பக்கத்து வண்டிக்கடையில் பீஃப் வறுவல் வேண்டும்; ஸ்டியரிங் பிடித்த காலத்திலிருந்து அது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். ஐந்து ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நேற்று முன்தினம், ஆறாவது ஞாயிறு, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மறைவில் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவரை அவள் பிடித்துவிட்டாள்.

“அறிவிருக்குதாப்பா உனக்கு? நான் ஒருத்தி நாயா அலைஞ்சிக்கினு இருக்கேன், நீ திருடித் திங்கற!”

பொட்டலத்தைப் பிடுங்கி, உண்மையிலேயே ஒரு நாய்க்குக் கொட்டினாள். அப்பா இன்னும் எதுவுமே ஒட்டாத கையைக் குழாயில் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

கட்டி கெட்ட கட்டியாக இருந்தால் அவள் பிடுங்கியது சரி. நல்ல கட்டியாக இருந்தால் அந்த மனுஷன் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவளால் பசியோடு படுத்தார். அதனால் காலையிலிருந்து, அப்பாவுக்குப் புற்றுநோய் இருந்திருக்க வேண்டும் ஆண்டவரே என்று ஜோதிகா மனதுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தாள். ஜெபித்துவிட்டுத் தன்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது. அறைவதற்கும் நேரமில்லை, வாசலில் சண்டை ஆரம்பித்திருந்தது.

சண்டை பேனரைப் பற்றியது. அப்பாவின் தங்கை லில்லி அத்தை திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வந்து இறங்கும்போதே பேனரோடு இறங்கினாள். அண்ணன் செத்த சேதி கேட்ட பத்தாவது நிமிஷத்தில் ஆர்டர் கொடுத்திருப்பாள் போல. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், சகோ. தேவசகாயம்’ என்று ஆளுயர எழுத்து. அது தெருமுனைக் கம்பத்தில் ஏறிவிட்டது. அம்மாவின் அண்ணன் கதிர்வேல் மாமா தாமலிலிருந்து மேளக்காரர்களோடு வந்து இறங்கி, அந்தப் பேனரை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா லில்லி, எங்க மச்சானுக்கு வரதராஜன்னு ஒரு பேரு இருக்குதே, அது இன்னா ஆச்சு? சந்தைல வித்துட்டியா?”

“அது சர்க்காருக்கு வச்ச பேரு. மேல போறவரு ஆதார் கார்டயா எடுத்துக்கினு போறாரு?”

“பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணட்டும், நான் வேணான்னு சொல்லல. மேளம் அடிச்சி, எல போட்டு படையல் வச்சிதான் எடுக்கணும்.”

“படையலு கிடையலுன்னு எவனாவது இந்த வீட்டுல எலைய விரிச்சான், அவன அந்த எலையிலயே மடிச்சி அனுப்புவேன். பாத்துக்கோ.”

லில்லி அத்தையின் குரலுக்கு மைக் வைத்தால் அது மைக்குக்குத்தான் அவமானம். மேளக்காரர்களே இரண்டடி பின்வாங்கினார்கள். ஜோதிகா இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

“அத்த, கொஞ்சம் மெதுவா. மாமா, நீயாவது ஒக்காரு.”

“நீ இன்னா சொல்ற பாப்பா? ஒங்கப்பன் பேரு இன்னா?” என்றார் மாமா.

“ஆமா, நீ சொல்லுமா” என்றாள் அத்தை.

பெங்களூரிலும் இதே கேள்வி. செவிலிமேட்டிலும் இதே கேள்வி. ஜோதிகா வாயைத் திறக்கும்போது அவள் போன் மறுபடியும் அடித்தது. இந்த முறை லேப் இல்லை. அப்பாவோடு பஸ் ஓட்டிய மாணிக்கவாசகம்.

“யம்மா, நாங்க டிப்போக்காரங்க ஏழு பேரு மாலையோட உங்க தெருவுலயே சுத்திக்கினு இருக்கோம். மூணு ரவுண்டு வந்துட்டோம். இங்க யாரோ தேவசகாயம்னு ஒருத்தரு தவறிட்டாரு போல. நம்ம வரதராஜன் வீடு எந்தப் பக்கம்மா?”

ஜோதிகா தெருமுனைக்கு நடந்து போனாள். ஆட்டோ ஒன்றின் வயிறு பிதுங்க ஏழு காக்கிச் சட்டைகள். நடுவில் ஆள் உயர மாலை. நேராக அந்தப் பேனருக்கு அடியில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். பேனரில் அப்பாவின் முகம் இருந்தது. ஆனால் பெயரை வைத்துத் தேடுகிற மனுஷன் முகத்தைப் பார்ப்பானா?

மாணிக்கவாசகம் இப்போதுதான் அண்ணாந்து பார்த்தார்.

“முப்பது வருஷம்மா. ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்ட்டிருக்கோம். எனக்கு இந்தப் பேரு தெரியாதே.”

அதில் கோபமும் இல்லை, குறையும் இல்லை. மாலையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். வீட்டுக்குள் அதைப் பெட்டி மேல் வைத்துவிட்டு, எந்தப் பெயரைச் சொல்லி அழுவது என்று தெரியாதவர்போல ஓரமாகப் போய் நின்றார்.

வாசலில் சண்டை தொடர்ந்தது. கல்லறைச் சிலுவையில் எந்தப் பெயர், இறப்புப் பதிவில் எந்தப் பெயர் என்று அது இப்போது நாற்பது நாளுக்கான சண்டையாக வளர்ந்திருந்தது. ஜெபகுமார் யாரையோ ஒருவரை நாற்காலியோடு தூக்கி வெளியே வைத்தான். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு. பட்டுக்கடையில் இருபது வருஷம் புடவை மடித்தவள்.

“ஒடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு இருந்தா ரெண்டு பொடவைன்னா பில்லு போடறாங்க?” கண்ணாடியைத் துடைப்பதை அவள் நிறுத்தவில்லை. “ஜோதி, நீ போயி ரெண்டு பேரையும் போட்டு எடுத்துக்கினு வா. பக்கத்துப் பக்கத்துல போடு.”

லில்லி அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு ஆயிரம் சந்தேகம்.

“மேல சிலுவைங்களா, தீபங்களா மேடம்?”

“ரெண்டும் வேணாம்.”

“வெறுமனே விட்டா நல்லா இருக்காதுங்க. அருவி போடட்டா?”

“எங்கப்பா பஸ்ஸு ஓட்டினவரு. அருவிக்கு இன்னா வேல? ரோஜாப்பூ போடுங்க.”

“ரெண்டு பேருல எது பெருசா வரணும்?”

“ரெண்டும் ஒரே சைஸு. ஒரு இம்மி கூடக் கூடாது, கொறையக் கூடாது.”

“அப்ப எது முன்னாடி?”

ஜோதிகா திரையைப் பார்த்தாள். காக்கிச் சட்டைப் படத்தில் அப்பா பாஸ்போர்ட் போட்டோவுக்கு முறைப்பதுபோல முறைத்துக்கொண்டிருந்தார். ஊசி அறையின் கதவு மூடுவதற்கு முன் அவர் திரும்பிப் பார்த்தபோது முகம் இப்படி இல்லை. அவள் கைபேசியில் ஃபாரம் நிரப்பிக்கொண்டே, “போப்பா, ஒண்ணும் இல்ல” என்று சொல்லியிருந்தாள்.

“தேவசகாயம் முன்னாடி” என்றாள்.

அரை மணியில் பேனர் வந்தது. ஆறுக்கு நாலு. மேலே ரோஜாப்பூ. நடுவில் அப்பா. கீழே ஒரே வரியில்: ‘தேவசகாயம் என்கிற வரதராஜன்’. அதற்கும் கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. மை காய்வதற்காகக் கடைக்காரர் அதை வெயிலில் விரித்துப் போட்டார். அப்போது சரியாகத் தேவிப்ரியா கூப்பிட்டாள்.

“மேடம், சார் எழுந்துட்டாருங்களா?”

மத்தியான வெயில். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இல்லை. இரவல் ஸ்கூட்டியில் பெட்ரோலும் தீரப்போகிறது. ஜோதிகா போனைக் கட் செய்தாள். பேனரின் நாலு மூலையும் தெரிகிற மாதிரி பின்னால் நகர்ந்து, நகர்ந்து, சாக்கடைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்று, படம் எடுத்தாள். தேவிப்ரியாவின் நம்பருக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்:

‘போட்டோ. ரெண்டு பேரு. ஒரே பக்கத்துல. போதுமா?’

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இறந்த தேதியும் அதே பக்கத்தில் இருந்தது. இனி வாரிசு சான்றிதழ். இனி லீகல் டீம். இனி அடுத்த தை மாதம்.

நீல டிக் விழுந்தது. தேவிப்ரியா எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினாள். மறுபடி நின்றது. பத்தொன்பது நாளில் ஒரு விநாடி கூடப் பேச்சுக்குத் தடுமாறாதவள். கடைசியில் வந்தது ஒரே வரி.

‘சாரி மேடம்.’

அவ்வளவுதான் என்று ஜோதிகா நினைத்துக்கொண்டாள். பேனரைச் சுருட்டி முன்னால் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பழைய பேனரை இறக்கிப் புதியதை ஏற்றும்போது கதிர்வேல் மாமா கயிறு பிடித்தார். லில்லி அத்தை “எடது பக்கம் எறங்குது பாரு” என்றாள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். பாஸ்டர் முன்னால் நடந்தார். மேளம், அவர் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாத தூரத்தில், ஆனால் அவருக்குக் கேட்கிற தூரத்தில் பின்னால் வந்தது. பொம்பளைகள் வரக் கூடாது என்று மாமாவும், வரலாம் என்று அத்தையும் ஆரம்பிப்பதற்குள் ஜோதிகா வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பாலாற்றுப் பக்கம் கல்லறை. மண் வெட்டியவர்கள் குழியோரத்தில் நின்றார்கள். பாஸ்டர் “நம் சகோதரர் தேவசகாயம்” என்றார். மாணிக்கவாசகம் குனிந்து ஒரு பிடி மண் போட்டு, “போய்ட்டு வா வரதராஜா” என்றார். பெட்டிக்குள் இருந்தவருக்கு இரண்டும் கேட்டிருக்கும்.

மண்ணைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டும்போதுதான் ஜோதிகா போனைப் பார்த்தாள். ஒரு பிடிஎஃப். மத்தியானம் ‘சாரி’ வந்த பதினோராவது நிமிஷத்திலேயே வந்திருந்தது. பேனர் கட்டுகிற அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை.

வேலியோரம் போய்த் திறந்தாள். நோயாளி பெயர் என்ற இடத்தில், ஆங்கிலத்தில், இரண்டு பெயரும் ஒரே வரியில் இருந்தன. பேனரில் எந்த வரிசையோ அதே வரிசை. வயது 66. கீழே அந்த வண்டி நம்பர் மரபணுக்கள் வரிசையாக. பயப்பட வேண்டியவை ஒவ்வொன்றுக்கும் எதிரே, மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை. ஒன்றே ஒன்றில் மட்டும் மாற்றம் உண்டு. அது நல்ல கட்டிகளில் தென்படுவது என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. முடிவில் மூன்று வரி. தீங்கில்லாத வகை. அறுவை சிகிச்சை தேவையில்லை. ஒரு வருடம் கழித்து மறுபடியும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும்.

ஜெபகுமார் பக்கத்தில் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை. போனை அவளிடமிருந்து வாங்கினான். படித்தான். மேலே தள்ளி மறுபடி முதலிலிருந்து படித்தான். மண்வெட்டிகள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

“வெட்டியிருப்போம்ல?” என்றான்.

“ம்.”

போனைத் திருப்பிக் கொடுத்தான். “எல்லாரும் வண்டில போவட்டும். நீ என் பைக்குல ஏறு.”

பஸ் ஸ்டாப் பக்கம் வந்தபோது வண்டிக்கடையில் அப்போதுதான் அடுப்பு பற்றியிருந்தது. தட்டையான கல்லில் கரண்டி தேய்க்கும் சத்தம் ரோட்டுக்கு இந்தப் பக்கமே கேட்டது. வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். ஜெபகுமார் திரும்பவில்லை. கடையோரம் பைக்கை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் தூசி இருப்பதுபோல அதைத் துடைக்க ஆரம்பித்தான்.

கடைக்கார சுகாசினி அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பேனர் ஏறிய தெருமுனை இடது பக்கம் திரும்பி உள்ளே போனால்தான் வரும், ரோட்டுக்குத் தெரியாது.

“இன்னா பாப்பா அதிசயமா இருக்குது, நீயே வந்துட்ட? அப்பா வரலியா?”

“ஒரு பார்சல்” என்றாள் ஜோதிகா.

“அவருக்குத்தானே? அப்ப கொழுப்பு ரெண்டு துண்டு சேத்துப் போடறேன். இல்லன்னா நாளைக்கு என்னாண்ட சண்டைக்கு வருவாரு.” கரண்டியால் அள்ளி இலையில் கொட்டினாள். வெங்காயம், கறிவேப்பிலை, மிளகுத்தூள். “ஞாயித்துக்கெழம வாங்கிக்கினு போனாரே, ரொம்ப நாள் கழிச்சி. எப்டி இருந்துச்சின்னு ஒண்ணும் சொல்லலியா?”

ஜோதிகா பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“நல்லா இருந்துச்சாம்.”

வீட்டில் கூடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். பெட்டி இருந்த இடத்தில் ஸ்டூல் ஒன்றின் மேல் அப்பாவின் படம், அதன் முன்னால் மெழுகுவத்தி, விரித்து வைத்த பைபிள். லில்லி அத்தை பக்கத்து நாற்காலியில் காவல் உட்கார்ந்திருந்தாள். அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். கதிர்வேல் மாமா வாசலோடு நின்றுகொண்டார்.

ஜோதிகா பொட்டலத்தோடு ஸ்டூல் முன்னால் வந்து நின்றாள். காகிதத்தில் எண்ணெய் ஊறி அவள் விரலுக்கு வந்திருந்தது. மிளகு வாசம் கூடம் முழுக்கப் பரவியது. வைக்க இடமில்லை.

லில்லி அத்தை பொட்டலத்தைப் பார்த்தாள். ஜோதிகாவைப் பார்த்தாள். அப்புறம் மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, பைபிளை மூடி, ஒரு சாண் தள்ளி வைத்தாள்.